95 ஆயிரம் டாலர் விளம்பரமும் 4 டாலர் டி-ஷர்ட்டும்

என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: டிரம்ப் எப்போது பார்த்தாலும் இறக்குமதி வரி என்று முழங்குகிறாரே, அது ஓட்டுக்காகப் பிடித்துக்கொண்ட கோஷமா, நிஜமாகவே நம்புகிறாரா? ஆயுசு முழுக்க வியாபாரம் பார்த்த மனுஷனுக்கு, அந்த வரியைக் கட்டுவது தன் ஊர்க்காரன்தான் என்று தெரியாதா?

நான் தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் கிளியரிங் தொழிலில் 22 வருஷமாக இருக்கிறேன். திருப்பூர் சரக்கு அமெரிக்காவுக்குப் போனால் அதன் காகிதங்கள் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஆகவே இரண்டாவது கேள்வி என் சோற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்டது. முதல் கேள்விக்கு ஆர்வத்தில் தேடிப் படித்ததை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்: நம்புகிறார். 1987லிருந்தே நம்புகிறார். அந்த மனிதர் கட்சி மாறியிருக்கிறார், கருக்கலைப்பு விஷயத்தில் தலைகீழாகத் திரும்பியிருக்கிறார், நேற்றுப் புகழ்ந்தவரை இன்று திட்டுவார். அவரிடம் அசையாமல் நிற்கிற கருத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் முதலாவது இது.

1987 செப்டம்பர் 2. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், பாஸ்டன் குளோப் மூன்றிலும் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. செலவு ஏறக்குறைய 95 ஆயிரம் டாலர். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் தன் பெயரில் கோபுரம் கட்டி, அட்லாண்டிக் சிட்டியில் சூதாட்ட விடுதி நடத்திக்கொண்டிருந்த 41 வயது ரியல் எஸ்டேட்காரர் தன் கைக்காசைப் போட்டு அமெரிக்க மக்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம். ஜப்பானும் மற்ற நாடுகளும் பல வருஷமாக நம் தலையில் மிளகாய் அரைக்கின்றன. அவர்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் கப்பல்களுக்குப் பாரசீக வளைகுடாவில் நாம் காவல் நிற்கிறோம், அதற்கு அவர்கள் ஒரு பைசா தருவதில்லை. அமெரிக்கர்கள் மேல் வரி போடாதீர்கள், அந்தப் பணக்கார நாடுகள் மேல் போடுங்கள். உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது, இனியும் சிரிக்க விடக்கூடாது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். ஜப்பான் என்ற இடத்தில் சீனா என்று போட்டால் 2016 மேடைப் பேச்சு. எல்லா நாடும் என்று போட்டால் 2025.

அன்றைக்கு இது தனிக்குரலும் இல்லை. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே நின்று தோஷிபா ரேடியோ ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். அந்த நிறுவனத்தின் துணை நிறுவனம் சோவியத் யூனியனுக்கு விற்ற எந்திரங்கள்தான் உடனடிக் காரணம், ஆனால் சம்மட்டியில் இருந்த கோபம் அதைவிடப் பெரியது. சுதந்திர வணிகத்தின் காவலர் என்று பெயர் வாங்கிய அன்றைய அதிபர் ரீகனே அந்த ஏப்ரலில் ஜப்பானிய எலெக்ட்ரானிக்ஸ் பொருட்கள் சிலவற்றின் மேல் 100 சதவீத வரி போட்டிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் டிரம்ப் கெட்டிக்காரர். மற்றவர்களுக்கு அந்தக் காற்று பத்து வருஷத்தில் நின்றுவிட்டது, அவருக்கு நிற்கவில்லை.

விளம்பரம் வந்து ஏழு வாரத்தில், அக்டோபர் 22 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரில் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில் பேசினார். அதிபர் வேட்பாளர் தேர்வு சூடுபிடிக்கிற மாநிலம் அது. அழைத்தவர் மர நாற்காலி செய்யும் ஒரு குடியரசுக் கட்சிக்காரர். டிரம்பை நிற்க வைத்தே தீர வேண்டும் என்று கிளம்பியிருந்தார். ஹெலிகாப்டரில் போய் இறங்கிய டிரம்ப், நான் நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, நிற்கப்போகிறவர் மாதிரியே பேசிவிட்டு வந்தார். அடுத்த மாதம் அவருடைய முதல் புத்தகம் கடைக்கு வந்தது. இதைச் சேர்த்துப் பார்த்து, எல்லாம் புத்தகம் விற்கிற வேலை என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பதவி ஆசையைப் பொறுத்தவரை அது பாதியாவது உண்மையாக இருக்கலாம். ஆனால் 1988ல் ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில் உட்கார்ந்து, ஜப்பான்காரன் இங்கே வந்து காரும் விசிஆரும் கொட்டுகிறான், நாம் அங்கே போய் எதையும் விற்க முடிவதில்லை என்று பேசுகிற முகத்தைப் பாருங்கள். அதில் நடிப்பு இல்லை. நிஜமாகவே எரிச்சல் தெரிகிறது.

அந்த எரிச்சலுக்குக் காரணம் அவர் பார்த்த தொழில் என்பது என் கணிப்பு. மன்ஹாட்டனில் ஒரு மனை ஒன்றுதான். வாங்குபவன் குறைத்துக் கேட்டு ஜெயித்தால் விற்பவன் தோற்றான். அந்தக் கண்ணோடு நாடுகளைப் பார்த்தால், வாங்குவது விற்பதைவிட அதிகமாகிவிட்டால் நஷ்டம், நம்மை ஏமாற்றிவிட்டான் என்றே தோன்றும். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஒரு பழைய கிண்டல் வைத்திருக்கிறார்கள். நான் முடிவெட்டிக்கொள்கிற கடைக்காரர் என்னிடம் இதுவரை ஒரு ரூபாய்க்குக்கூட எதுவும் வாங்கியதில்லை. அவரோடு எனக்கு 22 வருஷ வர்த்தகப் பற்றாக்குறை. அதற்காக அவர் என்னைக் கொள்ளையடித்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள், முடி வெட்டியிருக்கிறாரே.

சரி, பணக்கார வியாபாரி ஒருவர் டிவியில் பிரபலமாகி, வணிக ஒப்பந்தங்களைத் திட்டி அதிபர் பதவிக்குப் போட்டியிடுவது டிரம்ப் கண்டுபிடித்த வழியா என்றால், இல்லை. ராஸ் பெரோ என்று ஒரு டெக்சாஸ்காரர் இருந்தார். இன்றைய இளவட்டத்துக்குப் பெயரே தெரியாது. என் பார்வையில் இந்தக் கதையில் டிரம்பைவிட சுவாரசியமானவர் அவர்தான்.

பெரோ 1962ல் ஆயிரம் டாலர் முதலில் எலெக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, 1984ல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 250 கோடி டாலருக்கு விற்றவர். 1992 பிப்ரவரியில் லாரி கிங் என்பவரின் டிவி பேட்டி நிகழ்ச்சியில், 50 மாநிலத்திலும் மக்கள் கையெழுத்துப் போட்டு என் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றினால் நிற்கிறேன் என்றார். ஏற்றினார்கள். ஜூலையில் விலகினார், அக்டோபரில் திரும்பி வந்தார். அரைமணி நேரம் டிவி நேரத்தை விலைக்கு வாங்கி, கையில் குச்சியோடு வரைபட அட்டைகளைக் காட்டி, கணக்கு வாத்தியார் மாதிரிப் பாடம் எடுத்தார். ஜனம் உட்கார்ந்து பார்த்தது! அப்போது மெக்சிகோ, கனடாவோடு நாஃப்டா என்ற தாராள வணிக ஒப்பந்தம் பேச்சில் இருந்தது. இங்கே ஒரு தொழிலாளிக்கு மணிக்குப் பதினாலு டாலர் தருகிறாய், எல்லையைத் தாண்டினால் ஒரு டாலர், அப்புறம் தொழிற்சாலை எங்கே போகும்? தெற்கே எதையோ உறிஞ்சி இழுக்கிற பெரும் சத்தம் கேட்கும் என்றார். அந்த 'உறிஞ்சும் சத்தம்' அமெரிக்க அரசியலில் நிலைத்துவிட்டது. தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 18.9 சதவீத ஓட்டு, கிட்டத்தட்ட இரண்டு கோடிப் பேர். ஜெயித்த மாநிலம் என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

அடுத்த வருஷம் நவம்பர் 9ஆம் தேதி அதே லாரி கிங் நிகழ்ச்சியில் துணை அதிபர் அல் கோரும் பெரோவும் நாஃப்டா பற்றி நேருக்கு நேர் மோதினார்கள். கோர் ஒரு பரிசு கொண்டு வந்திருந்தார், கண்ணாடி போட்ட பழைய புகைப்படம். அதில் இருந்தவர்கள் ஸ்மூட், ஹாலி என்ற இரண்டு அரசியல்வாதிகள். 1930ல் ஆயிரக்கணக்கான இறக்குமதிப் பொருட்களுக்கு வரியை ஏற்றிய சட்டம் இவர்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியும் அதிபர் ஹூவர் அதில் கையெழுத்திட்டார். மற்ற நாடுகள் பதிலுக்கு வரி போட்டன, அன்றைய பொருளாதார மந்தநிலை இன்னும் மோசமானது. உங்கள் முன்னோர்கள் இவர்கள்தான் என்கிற மாதிரி கோர் படத்தை நீட்டினார். பெரோ வாங்கி, மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அதன்பின் அன்று முழுக்க அவரிடம் சிடுசிடுப்புதான். எட்டு நாளில் பிரதிநிதிகள் சபையில் 234க்கு 200 என்று நாஃப்டா நிறைவேறியது.

அவரைத் தோற்றவர் என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரு பின்கதை உண்டு. 1988ல் அவர் பெரோ சிஸ்டம்ஸ் என்று இரண்டாவது கம்பெனி தொடங்கியிருந்தார். 1996ல் அந்தக் கம்பெனி இந்தியாவின் எச்சிஎல்லோடு கூட்டுச் சேர்ந்து நொய்டாவில் எச்சிஎல் பெரோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தை நடத்தியது. எச்சிஎல் நிறுவனர் ஷிவ் நாடார் எங்கள் ஜில்லாக்காரர், மூலைப்பொழி கிராமத்துப் பிள்ளை. மெக்சிகோவுக்கு வேலை போகும் சத்தத்தைக் கேட்டு ஊரைக் கூட்டிய பெரியவரின் பெயரைத் தாங்கிய கம்பெனியே, நாலு வருஷத்தில் இந்தியாவுக்கு வேலையை அனுப்பிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொன்ன கணக்கு சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

பெரோ விட்டுப்போனது ஒரு கட்சி, சீர்திருத்தக் கட்சி. 1999 அக்டோபரில் அதே லாரி கிங் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் டிரம்ப். குடியரசுக் கட்சியை விட்டு இந்தக் கட்சிக்கு வருகிறேன், அதிபர் போட்டியைப் பரிசீலிக்கிறேன், துணை அதிபராக ஓப்ரா நன்றாக இருப்பார் என்றார். நாலு மாதத்தில் கட்சிச் சண்டை பிடிக்காமல் கழன்றுகொண்டார். 2004லிருந்து அவர் வாரா வாரம் டிவியில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பும் முதலாளியாக வந்தது உங்களுக்குத் தெரியும். 2011ல் மறுபடி ஆசை; இந்த முறை சீனப் பொருளுக்கு 25 சதவீத வரி, கூடவே ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவில்லை, பிறப்புச் சான்றிதழைக் காட்டட்டும் என்கிற கேவலமான பொய். மே மாதம் பின்வாங்கினார். 2012ல் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் சீனாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது, லெட்டர்மன் டிரம்ப் பிராண்டு சட்டைகளையும் டைகளையும் எடுத்து லேபிளைப் படித்துக் காட்டினார். சட்டை பங்களாதேஷ், டை சீனா. அரங்கமே சிரித்தது. டிரம்பும் அசடு வழியச் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

2016ல் ஏன் பலித்தது என்பதற்கு டிரம்ப் மட்டும் காரணமில்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000ல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒரு கோடியே எழுபது லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பத்து வருஷத்தில் அது ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் கீழே போனது. எல்லாம் சீனாவால் போனது அல்ல, எந்திரங்களும் 2008 நெருக்கடியும் சேர்ந்துதான். ஆனால் சீன இறக்குமதியால் மட்டும் 1999க்கும் 2011க்கும் இடையில் இருபது லட்சம் வேலைகளாவது போயின என்று ஆட்டர், டோர்ன், ஹேன்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். நாற்காலி, மேஜை செய்கிற ஊர் என்றால் ஊரே படுத்தது. மொத்தத்தில் நாட்டுக்கு லாபம், சட்டை விலை குறைந்தது என்று படித்தவர்கள் சொன்னது உண்மை. வேலை போனவனுக்கு அந்த உண்மையால் என்ன பிரயோஜனம்? இரண்டு கட்சியும் அவனை இருபது வருஷம் கண்டுகொள்ளவில்லை. தாராள வணிகத்தால் சோறு தின்கிற நானே இதைச் சொல்கிறேன்.

2016 ஜூன் 28 அன்று பென்சில்வேனியாவில் மொனெசன் என்ற பழைய எஃகு ஊரில், பழைய இரும்பு மாதிரி அழுத்திக் கட்டிய அலுமினியக் கழிவு மூட்டைகள் சுவராக அடுக்கியிருக்க, அதன் முன்னால் நின்று டிரம்ப் பேசினார். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வரி போடுவேன், 201, 301, 232 என்று எண்ணோடு சொன்னார். பத்திரிகைகள் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018ல் அந்த மூன்று பிரிவையும் பயன்படுத்தினார். அரசியல்வாதி சொன்னதை அப்படியே செய்தால் நாம் அதிர்ச்சி அடைகிறோம், விசித்திரம்தான்.

201இல் மாட்டியது வாஷிங் மெஷின். 2018 ஜனவரியில் முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50. இதை மூன்று பொருளாதார அறிஞர்கள் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். துவைக்கும் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். வரியே போடாத உலர்த்தும் மெஷினும் அதே அளவு ஏறியது! அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். கடைக்காரன் ஏற்றத்தை இரண்டின் மேலும் பிரித்துவிட்டான். உள்ளூரில் செய்த மெஷினும் சும்மா இருக்குமா, போட்டியாளன் விலை ஏற்றியதும் அதுவும் ஏறியது. வருஷத்துக்கு 150 கோடி டாலர் கூடுதல் செலவு, கிடைத்தது சுமார் 1,800 வேலை. கஜானாவுக்கு வந்த வரியைக் கழித்தாலும் ஒரு வேலைக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல்.

அப்புறம் 2025 ஏப்ரல் 2. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் பெரிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நாடு நாடாக வரியைப் படித்தார். பெரோவின் அட்டைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. அந்த அட்டையின் எண்கள் வந்த விதத்தை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு நாட்டோடு அமெரிக்காவுக்கு உள்ள சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையை, அந்த நாட்டிலிருந்து வாங்கும் மொத்தத் தொகையால் வகுத்து, அதில் பாதி. குறைந்தபட்சம் 10. இந்தியாவுக்கு 52 வந்தது, பாதி 26. இலங்கைக்கு 88, பாதி 44. ஆடை தைத்து அனுப்புகிற லெசோத்தோவுக்கு 50. அந்த ஏழை நாடு அமெரிக்காவிடம் திருப்பி எதை வாங்கும்? மனிதரே இல்லாத ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கும் 10 சதவீதம், அங்கே பென்குயின்தான் இருக்கிறது. எல்லோரும் பென்குயினைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த வகுத்தல் கணக்குதான் முக்கியமாகப் பட்டது. அந்த நாடு அமெரிக்கப் பொருளுக்கு என்ன வரி போடுகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அதிகமாக வாங்கினால் ஏமாந்தோம் என்கிற 1987 நம்பிக்கை, அரசாங்க முத்திரையோடு ஒரு சூத்திரமாகிவிட்டது. முடிவெட்டும் கடைக்காரர் மேல் வரி.

அவர் அடிக்கடி புகழ்கிற அதிபர் மெக்கின்லி. 1890ல் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது வரியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர், உண்மை. அதே வருஷத் தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது, மெக்கின்லியே தொகுதியை இழந்தார் என்பதையும், அதிபராக 1901ல் பஃபலோவில் பேசிய கடைசிப் பேச்சில் நாடுகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வணிகம் செய்ய வேண்டும் என்று மாறிப் பேசினார் என்பதையும் டிரம்ப் சொல்லிக் கேட்டதில்லை. மறுநாள்தான் அவரைச் சுட்டார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வரியை யார் கட்டுகிறார்கள்? சட்டப்படி சந்தேகமே இல்லை, அங்கே இறக்குமதி செய்கிறவர். ஒரு காட்டன் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்ஓபி விலை, அதாவது இங்கே கப்பலில் ஏற்றும்வரையான விலை, 4 டாலர். அமெரிக்க கஸ்டம்ஸ் அந்த விலைமேல்தான் வரி போடும், நம்மூர் மாதிரி கப்பல் வாடகையையும் இன்சூரன்ஸையும் சேர்க்காது. காட்டன் டி-ஷர்ட்டுக்குப் பல வருஷமாக இருக்கிற சாதாரண வரியே 16.5 சதவீதம், 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி இந்தியாவுக்குக் கூடுதல் 25, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக அன்றைக்கு மொத்தம் 66.5 சதவீதம், சட்டைக்கு 2 டாலர் 66 சென்ட். பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் அப்போது கூடுதல் 20தான்.

உத்தரவில் ஒரு சலுகை இருந்தது. 27ஆம் தேதிக்கு முன் கப்பலேறிய சரக்குக்கு இரண்டாவது 25 கிடையாது. திருப்பூரிலிருந்து ராப்பகலாக லாரி வந்தது. பலர் அடுத்த வரியைப் படிக்கவில்லை: அந்தச் சரக்கு செப்டம்பர் 17க்கு முன் அங்கே கஸ்டம்ஸில் பதிவாகியிருக்கவும் வேண்டும். இங்கிருந்து கொழும்பில் கப்பல் மாறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி நியூயார்க் போய்ச் சேர எத்தனை நாள் என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். மூன்று வாரத்தில் எந்தக் கப்பலும் போகாது.

2018-19 வரிகளை ஆராய்ந்தவர்கள், கிட்டத்தட்ட முழுச் சுமையும் அமெரிக்க வாங்குபவர் தலையில்தான் விழுந்தது என்றார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு 20, நமக்கு 50 என்றால் கதை வேறு, வாங்குபவர் நம்மிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். டிரம்புக்கு இது தெரியுமா என்றால், நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். அவர் ஆயுசு முழுக்க ஒப்பந்தக்காரர்களிடம் பில்லைக் குறைத்துக் கேட்டவர்தானே.

திருப்பூரில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், 60 தையல் மெஷின் வைத்திருக்கிறார். ஏப்ரலில் அவர் பதறியபோது, கவலைப்படாதீங்க, வரி கட்டறது அமெரிக்காக்காரன் என்று தைரியம் சொன்னவன் நான்தான். செப்டம்பரில் போன் செய்தார். "ஏனுங்ண்ணா, வரி அவனுங்கதான் கட்டுவானுங்கன்னு சொன்னீங்க?" என்றார். ஆமா, அவங்கதானே கட்டறாங்க என்றேன். புது இன்வாய்ஸ் அனுப்பியிருக்கேன், பாருங்க என்று வைத்துவிட்டார். 4 டாலர் இருந்த இடத்தில் 3.70 என்று இருந்தது. அந்த விலைக்கு வரி 2 டாலர் 46 சென்ட். அதை அங்கே வாங்குகிறவர்தான் கட்டினார். சட்டைக்கு முப்பது சென்ட்தான் இவருக்கு நிற்கிற லாபமே.